மரியநாயகி ரீச்சர் செய்த ஒருவழிச் சுற்று

மன்னார் பஸ் நிலையத்தில் நின்றபோது பள்ளிக்கூட அதிபர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், மரியநாயகி ரீச்சர் விடியக் காலமை மோசம் போயிட்டா. அடக்கத்தில நீங்கள்தான் பேசவேணும். அவவோட கனகாலம் படிப்பிச்சனீங்கள்." பேசினேன். அங்கே சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்தின்பின் நறுவிலிக்குளத்தில் எங்கள் பள்ளிக்கூடம் தகரக் கொட்டிலில் தொடங்கியது. அவர் பௌதிகவியல், நான் இரசாயனவியல். முதுமாணிப் பட்ட ஆய்வுக்காக ஒரு சுற்றைச் செய்துகொண்டிருந்தார். நகமளவு குறைகடத்தித் தகடு, நான்கு பக்கமும் கம்பி, மேலும் கீழும் பழைய ஒலிபெருக்கிகளில் கழற்றிய காந்தங்கள். காந்தங்களுக்கு நடுவே ஓடும் மின்னோட்டம் தகட்டின் பக்கவாட்டில் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதுதான் ஹோல் விளைவு. அந்தப் பக்கவாட்டுக் கம்பிகளிலிருந்து திருப்பி அனுப்பினால் அதன் குறி மாறும். அந்த மாற்றத்தோடு சில மின்தடைகளை இணைத்து, வழக்கமாக அதற்குப் போடும் டயோட் இல்லாமலே, ஒரு திசையில் மட்டும் மின்சைகை போகும்படி செய்திருந்தார்.

ஒரு மத்தியானம் எனக்குக் காட்டினார். இந்தப் பக்கமிருந்து கொடுத்தார்; மானியின் ஊசி எழுந்தது. அந்தப் பக்கமிருந்து கொடுத்தார், அசையவில்லை.

"பாத்தீங்களோ சேர்? டயோட் ஒண்டும் இல்லை!" அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

பல்கலைக்கழகத்தில் அதைக் காட்டப் புறப்பட்ட நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்த சிப்பாய், கம்பிகளைக் கண்டு பின்வாங்கினான். ரீச்சர் விளக்கியது அவனுக்கு விளங்கவில்லை. அதிகாரி வந்து என் பள்ளிக்கூட அடையாள அட்டையைப் பார்த்து, சிங்கள மரியாதைச் சொல்லோடு கேட்டார்.

"மாத்தயா, நீங்களும் அந்த ஸ்கூல்தானே? இது ஸ்கூல் சாமானா?"

என் தம்பி இராணுவத் தடுப்பு முகாமிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

பஸ் என்னை ஏற்றிக்கொண்டு போனது. அவரைப் பின்னேரம்வரை வைத்திருந்தார்கள். பெட்டி திரும்பவேயில்லை. அப்படி இன்னொரு தகடு கிடைக்காமல் ஆய்வு அத்தோடு நின்றது.

மறுநாள் கேட்டார்: "பயத்திலதானே சொன்னனீங்கள்?"

"ஓம், ரீச்சர்."

"எனக்கும் பயம்தான். ஆனா உங்களை ஆரெண்டு கேட்டிருந்தா, தெரியாதெண்டு சொல்லியிருக்க மாட்டன்."

அடக்கத்தில் ஒரு கல்வி அதிகாரி, "பட்டங்களுக்கு ஆசைப்படாதவர்" என்று புகழ்ந்தார். ஆசைப்பட்டவர். அதை அறிந்தவன் நான் ஒருவன்தான், நானும் தலையாட்டினேன்.

அந்தச் சோதனைச் சாவடிக்குப் பிறகு வந்த ஆண்டுகளெல்லாம் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தினமும் "வணக்கம் சேர்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மரியாதைதான். அதை மன்னிப்பு என்று நான் ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை.