அப்பா பெயருக்கு வந்த மின்னஞ்சல்

கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளில் யாருடைய மின்னஞ்சல் தகராறு செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடவுச்சொல்லை மறந்தவர்கள், பெட்டி நிரம்பிப்போய் எதுவும் உள்ளே வராதவர்கள், அனுப்பிய படம் எங்கே போனதென்று தெரியாதவர்கள், எல்லோரும். நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். காலை ரயிலில் ஏறி இறங்குவதற்குள் ஒருவருடைய சிக்கலாவது ஃபோனிலேயே தீர்ந்துவிடும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒரு வாரம் மகளோடு உட்கார்ந்து பள்ளிப்பாடம் பார்ப்பார். மறுவாரம் அவள் தூங்குவதை மட்டும் பார்ப்பார். இதை முடித்துவிட வேண்டும் என்றுதான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பகல் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்.

விண்ணப்பித்த மறுவாரமே அவருக்கு ஒரு மின்னஞ்சல். உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பை அழுத்தி விவரம் கொடுங்கள் என்று. அக்கா அழுத்தவில்லை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“ஏன்டி, எங்கப்பா செத்து ஏழு வருஷம் ஆச்சு. அவருக்கு யாரு லா பார்சல் அனுப்புறது?”

வாங்கிப் பார்த்தேன். ‘டியர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அக்காவின் பெயர் இல்லை, அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. நம் அடையாள அட்டையில் பெண்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/பி’ என்று ஒரு சாய்கோடு நிற்கும். இன்னாரின் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம். வெளியூர் மோசடிக்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிடுகிறான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதைவிடச் சுலபமான அடையாளம் உண்டா? அங்கேயே அக்காவின் பெட்டியில் ஒரு வடிகட்டி போட்டேன்: ‘டியர்’ போட்டு அப்பா பெயரைச் சொல்லி வரும் எதுவும் நேராகக் குப்பைக்குப் போக வேண்டும். இனி நிம்மதியாக இருங்கள் என்றேன். அக்காவும் நிம்மதியாகத்தான் இருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க அக்கா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தார். மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். ரசம் ஊற்றும்போது சாதாரணமாகச் சொன்னார்: அவரோடு விண்ணப்பித்த தோழிக்குத் திங்கட்கிழமையே நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டதாம். தனக்கு எதுவும் வரவில்லையாம். வயதாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள் போல என்றார். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை.

கையைக் கழுவிவிட்டு அவருடைய கைப்பேசியை வாங்கினேன். ஸ்பேம் பெட்டியில் விளம்பரங்கள்தான். இடம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன், பாதிகூட இல்லை. என் முகவரியிலிருந்து ஒன்று அனுப்பினேன், உடனே வந்தது. ஆக, பெட்டி ஒழுங்காகத்தான் இருக்கிறது. அப்படியானால் யாரோ தடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ யாரென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குப்பையைத் திறந்தேன். திங்கட்கிழமை, காலை. ‘டியர்’, அப்பா பெயர். அடுத்த செவ்வாயன்று நேர்காணல், வருவதை வெள்ளி மாலை ஐந்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். இன்றுதான் அந்த வெள்ளி. மணி ஒன்று நாற்பது.

அக்கா எட்டிப் பார்த்தார். “இதை யாரு குப்பையில போட்டது?”

“நான்தான் கா.”

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை படித்தார். பிறகு, இதுவும் கள்ள மெயிலாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சரியான கேள்வி, என் பழைய விதியில் அதற்குப் பதில் இல்லை. அனுப்பியவர் பெயரை விட்டுவிட்டு முகவரியில் ‘@’ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். நிறுவனத்தின் இணையதளத்தை நானே தேடித் திறந்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டேன். ஒன்றுதான். அதுவும் போதாது என்று, மின்னஞ்சலில் இருந்த தொலைபேசி எண்ணைத் தொடாமல், இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு அக்காவையே பேசச் சொன்னேன்.

அக்கா தன் பெயரைச் சொன்னதும், ஃபோனை எடுத்த பெண், பட்டியலில் அப்படிப் பெயர் இல்லை என்றாராம். அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மலாயில், மெதுவாக, அப்பா பெயரைச் சொன்னார். இருந்தது. விண்ணப்பப் படிவம் சாய்கோட்டை ஏற்காமல் அவர் பெயரை இரண்டாக வெட்டி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறது. மோசடிக்காரன் செய்த அதே தப்பு.

உறுதிசெய்து பதில் அனுப்பியபோது இரண்டரைகூட ஆகவில்லை. வடிகட்டியை நீக்கப் போனேன். “கொடு, நானே அழிக்கிறேன்,” என்று கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போதும் வரிசை வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். பெயர் தப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் அழிக்காதீர்கள். அனுப்பியவரை வேறு வழியில் பிடித்துக் கேளுங்கள் என்கிறேன். யாருடைய பெட்டியிலாவது வடிகட்டி போட்டால், அதில் என்ன விழுந்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை அவர்களையே பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு மாலை, வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வீடு திரும்பியிருந்தார். வேலியருகே நின்று கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத் தூக்கிக் காட்டினார். அக்காவின் படம். அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், அப்பா பெயர் மட்டும்.

“பாத்தியா, எங்கப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு,” என்றார். உள்ளே மகள் பாடப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கூப்பிட்டாள். போய்விட்டார்.