குதிரைக்குக் கடைசிப் பால்

நான் மாட்டு டாக்டர். பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். படிப்பில் எல்லா மிருகமும் இருந்தது, என்னிடம் வருவது மாடும் ஆடும்தான். அதனால் ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கும் மேனேஜர் போன் பண்ணி, குதிரைக்கு வயிற்று வலி, வர முடியுமா என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குதிரைக்கு வலி, எனக்குச் சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அது நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை. வெளிநாட்டு விருந்தாளிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தேயிலை மலையைச் சுற்றிக் காட்டுவதுதான் இப்போதைய உத்தியோகம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர், ஐம்பது வயதிருக்கும். நானும் ஹாலிஎல பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவன்தான். ஆனாலும் என்னைக் கண்டதும் அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

குதிரை காலால் தரையைக் கீறிக்கொண்டும், அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டும் நின்றது. வலிக்கு ஒரு ஊசி போட்டுக் கொஞ்சம் நடக்கவிட்டிருந்தால் போதும். போட்டேன். ஆனால் அதோடு விட மனம் வரவில்லை. பக்கத்தில் மேனேஜர், அவருக்குப் பின்னால் நாலைந்து விருந்தாளிகள் போனைத் தூக்கிப் பிடித்தபடி. வயிற்றுக்குள்ளிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

குடலைச் சுற்றி இருக்கும் நீர் அது. நல்ல குதிரையில் வெளிர் மஞ்சளாக, தெளிவாக வரும். அடிவயிற்றில் மயிரைச் சிரைத்து, சுத்தம் செய்து, ஊசியை ஏற்றினேன். வந்தது பச்சையும் மண்ணிறமுமாக, புல் துணுக்குகளோடு, சாண நாற்றத்தோடு. குடலுக்குள் இருக்க வேண்டியது வெளியே கிடக்கிறது என்றால் குடல் வெடித்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதற்கு வைத்தியம் இல்லை. படித்தவன் அல்லவா, உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வேதனைப்பட விடாமல் ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நல்லது என்றேன்.

மேனேஜர் கொழும்பிலிருக்கும் முதலாளியிடம் அனுமதி கேட்க உள்ளே போனார். விருந்தாளிகள் போனை இறக்கிக்கொண்டு கலைந்தார்கள். நான் மருந்தை எடுத்து வைக்கத் தொடங்கினேன். குதிரைக்காரர் எங்கோ போய், கையில் ஒரு செம்புப் பாலும் கக்கத்தில் ஒரு கட்டுப் புல்லுமாகத் திரும்பி வந்தார்.

"ஐயா, போறதுக்கு முந்தி ஒரு வாய் பால் ஊத்திக்கிறேங்க. சாகப்போற ஆளுக்கு நம்ம வீடுகள்ல ஊத்துவோம்ல, அது மாதிரிங்க."

"ஊத்துங்கண்ணே," என்றேன். பாவமாக இருந்தது.

குதிரை மூக்கால் செம்பைத் தட்டிவிட்டது. பால் முழுக்க மண்ணில். பிறகு அவர் கக்கத்திலிருந்த புல்லை இழுத்து, அவசரமே இல்லாமல் மென்றது.

எடுத்த மருந்தைக் கீழே வைத்தேன். குடல் வெடித்த குதிரை புல்லைத் திரும்பியும் பார்க்காது. குளிர்ந்த வியர்வையில் நனைந்து நிற்கும், நாடி பறக்கும். ஊசிக்குழாயைப் பார்த்த பிறகு நான் குதிரையைப் பார்க்கவே இல்லை. நாடியைப் பிடித்தேன், நிதானமாக இருந்தது. உதட்டைத் தூக்கினேன், ஈறு நல்ல இளஞ்சிவப்பு. புது ஊசி ஒன்றை எடுத்து, ஒரு சாண் தள்ளிக் குத்தினேன். சாயம் இறங்காத வெறும் தேத்தண்ணி மாதிரி நீர் தெளிவாக வந்தது. முதல் தடவை என் ஊசி குடலையே குத்தி, உள்ளே இருந்ததை உறிஞ்சியிருக்கிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குத்தியதும் நான், குழி பறிக்கப் பார்த்ததும் நான்.

அந்தச் சின்ன ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். கிருமி பரவாமலிருக்க மருந்து கொடுத்தேன். திரும்பி வந்த மேனேஜரிடம், மறுபடியும் பரிசோதித்தேன், பிழைத்துக்கொள்ளும் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வாரம் கழித்துப் போனபோது குதிரை வேலைக்குத் திரும்பியிருந்தது. நான் வெடித்த குடலைத் தைக்காமலே ஒட்டவைத்த டாக்டராகியிருந்தேன்.

குதிரைக்காரரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. வெட்கத்தோடுதான் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு அதுக்கு ஒண்ணும் வெடிக்கல. நான்தான் குடல்ல குத்திட்டேன்."

"தெரியும்ங்க," என்றார். "சாகப்போறது இப்படியா நிக்கும்? நீங்க பாக்கணும்னுதான் புல்லையும் சேத்துக் கொண்டாந்தேன்."

"நேராவே சொல்லியிருக்கலாமே?"

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்: "போன வருசம் எங்க பசுவப் பாக்க நீங்க வந்தப்ப நேராத்தாங்க சொன்னேன். 'டாக்டர் நீயா நானா'ன்னு கேட்டீங்க. மறுநாள் செத்துப்போச்சுங்க."

எந்தப் பசு என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.