தோணாக்கரையில் மைக் கட்டிய கதை

கல்முனைக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில் முப்பது வருடமாக மைக் செட் வாடகைக்கு விட்டவன் நான். ஊருக்கு நான் காக்கா, அதாவது அண்ணன். கலியாணம், கந்தூரி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். இப்போது மகன்தான் கடையைப் பார்க்கிறான். தொழில் பழக வருகிறவர்கள் என்னிடம் அம்ப்ளிபயரைப் பற்றித்தான் கேட்பார்கள். சனத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, ஆகவே நானே சொல்கிறேன்.

வராத சனம்

கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் வருவது வரவரக் குறைந்துபோனது. பஸ்ஸில் ஏற்றி இறக்கினால் வரும். பிரியாணிப் பார்சல் கைக்கு வந்ததும் எழும்பிவிடும். நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தான். எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டிவிட்டு, வோட்டு நாளில் வீட்டில் படுத்துக் கிடப்பேன்.

போன வருடம் மாரி மழைக்கு முன்னால் ஹாஜறா கடைக்கு வந்தா. தோணாக்கரை ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில் உடுப்புத் தைத்துப் பிழைக்கிறவ. தோணா என்பது ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஓடை. அது குப்பை நிறைந்து தூர்ந்து கிடந்தது. பெருமழை பெய்தால் தண்ணீர் வீடுகளுக்குள் வந்துவிடும்.

“காக்கா, மைக் வேணும். ஒழுங்கையில கூட்டம் வைக்கப் போறன்.”

“ஆரு புள்ள கதைக்கிற?”

“நான்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எம்.பி. வந்தாலே சனம் வாறல்ல. நீ கூப்பிட்டா வருமா?”

“வராட்டியும் வைப்பன். என்ட மகளுக்கு மாரிக்குள்ளதான் பிள்ள கிடைக்கும். போன மாரியில பக்கத்து வீட்டுப் புள்ளய வலியோட இடுப்பளவு தண்ணிக்குள்ளால தூக்கிட்டுப் போன. ஓட்டோ ஒண்டும் உள்ள வரல்ல. அந்தக் குழந்த தங்கல்ல காக்கா.”

சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். வாடகை வேண்டாம் என்று சொன்னேன்.

கதவடிக்குப் போன மைக்

கூட்ட நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹோர்ன் இரண்டைக் கட்டிக் கதிரையும் போட்டோம். ஒருவரும் வரவில்லை. ஒழுங்கை முனைக் கடைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்தார். “எவன் வந்தாலும் இதான் கதி. என்னத்துக்கு மினக்கெடுற?”

ஹாஜறா மேடைக்காரர்களைப் போல “பேரன்பு மிக்க பெரியோர்களே” என்று தொடங்கினா. கொஞ்சத்தில் அந்தப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டா. சரி, இவ்வளவுதான் என்று நான் சுவிட்சில் கை வைத்தேன்.

“காக்கா, வயரில்லாத மைக் இரிக்கா?”

கொடுத்தேன். நேரே எதிர்வீட்டு அக்காவின் கதவைப் போய்த் தட்டினா. “மரியம் ராத்தா, போன மாரியில ஒங்கட வீட்டுக்குள்ள எந்த உயரம் மட்டும் தண்ணி வந்த?”

மரியம் கதவுக்குப் பின்னால் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னா. “குசினி மேச மட்டும் வந்த. அரிசியெல்லாம் நாசமாப் போச்சி.”

அது ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “மேசைக்கே இந்தக் கதையா? எங்கட வீட்டுல ஜன்னல் மட்டும் வந்த!” அதை மைக்கில் சொல்லவென்றே அந்தப் பெண் வெளியே வந்தா. அதெல்லாம் பொய் என்று சொல்ல இன்னொருத்தர் வந்தார். யார் வீட்டில் தண்ணீர் அதிகம் என்ற சண்டைக்கே ஒழுங்கை நிறைந்துவிட்டது. பார்சல் இல்லாமல் இவ்வளவு சனத்தை என் தொழிலில் நான் கண்டதில்லை. மைக் ஹோர்னுக்கு முன்னால் வந்தால் கீச்சென்று கத்தும். ஆகவே ஹாஜறா நடக்க நடக்க நான் ஓடி ஓடி ஹோர்னைத் திருப்பினேன். மூச்சு வாங்கியது, ஆனால் மனம் குளிர்ந்திருந்தது.

கடைக்காரரும் மைக்கை வாங்கினார். “தோணாவ மூடினது ஆரு? நாமதானே சொப்பிங் பேக்ல கட்டிக் கட்டிப் போட்டம்!”

“ஓம், நம்மட குப்பைய நாம அள்ளுவம்” என்றா ஹாஜறா. “ஆனா கடல்பக்கம் தோணாட வாய வெட்ட மெஷின் வேணும். கேக்கப் போறன். ஆரு என்னோட வாற?”

முதலில் கை தூக்கியது மரியம்தான்.

கந்தோரில்

திங்கட்கிழமை ஒழுங்கையே பிரதேச சபை அலுவலகமான கந்தோருக்குப் போனது. கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன்.

“அடுத்த வருச பட்ஜெட்ல பாப்பம்” என்றார் அதிகாரி.

“மழ அடுத்த வருசம் மட்டும் காத்துட்டு நிக்காது சேர்” என்றா ஹாஜறா. “பதில் கிடைக்குமட்டும் நாங்களும் இங்கதான் இரிப்பம்.”

நிலத்தில் உட்கார்ந்தோம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தோம். அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். கடைசியில் மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் வந்து தோணாவின் வாயை மட்டும் வெட்டியது. குப்பையை நாங்களே அள்ளினோம், மிச்சத் தூர் அப்படியே கிடக்கிறது.

மாரியில் தண்ணீர் கணுக்காலோடு நின்றது. ஹாஜறாவின் மகளுக்கு வலி எடுத்த அன்று அடைமழை. ஓட்டோ வீட்டு வாசல்வரைக்கும் போனது. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

நான் இதில் படித்தது ஒன்றுதான். சனத்தைக் கதிரையில் இருத்தி வைத்துப் பேசினால் எழும்பிப் போய்விடும். சனத்திடமே கேட்டால் வாசலைத் தாண்டி வரும்.

பிள்ளை பார்க்கப் போனபோது ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள். மரியம் கேட்டா: “காக்கா, மிச்சத் தோணாவையும் வெட்ட வைக்கணும். வெள்ளிக்கிழம மைக் ப்ரீயா?”

முப்பது வருடத்தில் “ஹலோ, மைக் டெஸ்டிங்” தவிர என் மைக்கில் நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

“ப்ரீதான்” என்றேன். “இந்த முற நானும் கதைப்பன்.”