அத்தையைப் பிடித்தவன்

இரண்டு செங்கல் சூளை, ஓர் அரிசி ஆலை, எங்கள் ஊரில் முதன்முதலாக லிஃப்ட் வைத்த கல்யாண மண்டபம். எல்லாம் நான் கட்டியவை. நான்காம் வகுப்பைத் தாண்டாத எனக்கு பேங்க் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுவார். ஆனால் என் முதல் வேலை என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சாமியாடும் அத்தை கீழே விழாமல் பிடிப்பது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஆடித் திருவிழாவில் பம்பை அடித்தால் அத்தைக்கு அம்மன் இறங்கிவிடும். ஊரே கும்பிடும். நான் மட்டும் கும்பிடக் கூடாது, இரண்டு கையும் தயாராக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அடி வேகமெடுக்கும் முன் அத்தை ஒரு தடவை சுற்றிலும் பார்ப்பாள். என் முகம் தென்பட்ட பிறகுதான் ஆட்டம். ராட்டினத்துக்கு ஓடிவிட்டேனா என்று வேவு பார்க்கிறாள் என நினைத்து எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இதெல்லாம் மறந்தே போயிருந்தது. இரண்டாயிரத்து ஆறில் அமெரிக்காவில், பார்சிப்பனியில் இருந்த மகன் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் ஒரு பிரேசில்காரப் பெண். ஆப்பிரிக்காவிலிருந்து அவள் முன்னோரை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியபோது சாமிகளும் கூடவே வந்துவிட்டனவாம். பக்கத்து நகரமான நெவார்க்கில் அவர்கள் கும்பிடும் வீட்டுக்கு எங்களையும் அழைத்தாள். வெள்ளை உடுத்தி வர வேண்டும் என்றாள். நான் கட்டாத வெள்ளையா?

அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மூன்று நெட்டை மேளங்கள். குடை போல விரிந்த பாவாடையோடு பெண்கள் வட்டமாக ஆடினார்கள். தோளில் துண்டோடு ஓர் அம்மா மட்டும் ஆடவில்லை. சாமி வந்தவளின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள், வியர்வையைத் துடைத்தாள், மார்பில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட, இது என் வேலையல்லவா!

மேளம் வேகமெடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் துண்டுக்கார அம்மாவைத் தேடி ஒரு பார்வை பார்த்தாள். அந்த அம்மாவோ மூலையில் வேறொருத்தியைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் இவளுக்குக் கண் செருகிவிட்டது. பின்னால் வெறும் சிமெண்டுத் தரை. நான் எழுந்துவிட்டேன்.

"அப்பா! அது லேடீஸ் சைடு. உக்காருங்க, மானத்த வாங்காதீங்க!"

"சும்மா இருடா. புள்ள விழப்போவுது."

பிடித்துவிட்டேன். அத்தையைத் தாங்கியதுபோலவே, விரல் படாமல், முன்கையை முதுகுக்குக் கொடுத்து. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெளியே தள்ளப்போகிறார்கள் என்று மகன் முகம் வெளிறிவிட்டது. துண்டுக்கார அம்மா வேகமாக வந்தாள். என் கையைப் பார்த்தாள். பெண்ணை வாங்கிக்கொண்டு, அதே துண்டால் என் நெற்றி வியர்வையையும் துடைத்தாள். மேளத்துப் பக்கம் ஒரு நாற்காலியைக் காட்டி மகனிடம் ஏதோ சொன்னாள்.

"உங்கள அங்க உக்காரச் சொல்றாங்கப்பா. சாமி வராம, சாமி வந்தவங்கள பாத்துக்கிறவங்களோட எடமாம்."

பிறகு எல்லோரும் கைதட்டி ஆடிய ஆட்டத்தையும், சுடச்சுடத் தந்த காராமணி வடையையும் அந்த நாற்காலியில் இருந்தபடியே அனுபவித்தேன். எத்தனையோ மேடையில் மாலை வாங்கியவன் நான். அந்த நாற்காலிக்கு ஈடில்லை. அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

அத்தை என்னை வேவு பார்க்கவில்லை. பிடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் தன்னை அம்மனிடம் விட்டிருக்கிறாள். ராட்டினத்தையே நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு அது எங்கே தெரிந்தது?

மண்டபத்துக் கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது. அது போதாது. அத்தை அப்படி ஆடியும் ஒரு தடவைகூடத் தரையில் விழுந்ததில்லை என்று ஊரில் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். ஏன் விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.