இரண்டு பேருக்கு இரண்டு கண்

கண் ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலை பார்ப்பவனுக்கு, ஆள் தெரியும் முன்பே செருப்பு தெரிந்துவிடும். சரக், சரக்கென்று தரையைத் தேய்த்துத் தடவி வருகிற செருப்பென்றால் இனிமேல்தான் ஆபரேஷன். எடுத்து வைக்கிற செருப்பென்றால் முடிந்துவிட்டது. பத்தாவதோடு நின்றவன் நான். மருந்துப் பெயர்களைக் குப்பியைப் பார்த்துப் படித்தேன். இதைக் காதால் படித்தேன். பகலில் கண்ணை மூடியும் தூக்கம் வராமல் புரளுகிற இரவு வேலைக்காரர்களே, உங்களுக்கு இது புரியும்.

சுவரின் நிறம்

ஒருநாள் இரண்டு ஜோடிச் செருப்பு சேர்ந்தாற்போல் தேய்ந்துகொண்டு வந்தது. அனந்தபுரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் ஏழுமலை, அவர் மனைவி கன்னியம்மா. இருவருக்குமே இரண்டு கண்ணிலும் புரை. முதலில் அவருக்கு வலது கண்ணில் ஆபரேஷன். அவர் தேறியதும் அந்தம்மாவுக்கு இடது கண்ணில். ஒருவர் படுத்தால் மற்றவர் துணை.

கன்னியம்மாவுக்குக் கட்டுப் பிரித்த காலையில், அந்தம்மா ஒரு கண்ணைக் கையால் மறைத்துச் சுவரைப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மறைத்துப் பார்த்தார். புதுக் கண்ணுக்குச் சுவர் சுண்ணாம்பு வெள்ளை, பழைய கண்ணுக்கு மோர்க்குழம்பு. அப்புறம் புருஷனையும் அப்படியே மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “யோவ், பழைய கண்ணுலதான்யா நீ கொஞ்சம் பரவால்ல.”

டம்ளருக்கு வெளியே

மறுபரிசோதனைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். தூக்கில் வாங்கிவந்த டீயை ஏழுமலை ஊற்றினார். டம்ளர் இருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, டீ தரையில் விழுந்தது. டாக்டரம்மா தலைப்பாடாய் அடித்துக்கொள்வது இதற்குத்தான். ஒரு கண் தெளிந்து மற்றது மங்கலாக இருந்தால் டம்ளரின் தூரமும் பிடிபடாது, படியின் ஆழமும் பிடிபடாது. ஆனால் ஒரு கண் தெரிந்துவிட்டால் போதும், பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

“உட்டு வெச்சா முத்திப்போயிடும் நைனா, இன்னொண்ணயும் முடிச்சிடுங்க” என்று சொல்லிக்கொண்டே வாசல்வரை போனேன். அப்போதுதான் கவனித்தேன். அவருக்கு மங்கலான இடது பக்கத்தில் அந்தம்மா நடந்தார். அந்தம்மாவுக்கு மங்கலான வலது பக்கத்தில் அவர். நல்ல கண் இரண்டும் வெளிப்பக்கம். ஆட்டோ ஒன்று வர, அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு கன்னியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்: “அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சேத்தா ரெண்டு கண்ணு இருக்குதே தம்பி, இன்னா கொறச்சல்?”

ஒரு ஜோடி

அதற்கப்புறம் அவர்களைக் காணவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம், தேய்ந்து வந்தது ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. ஏழுமலைதான். இடது முழங்கையில் பிளாஸ்திரி. மேல்மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் நிற்கிற இடத்தில், இடப்பக்கமாக வந்த பைக் இடித்துத் தள்ளிவிட்டதாம்.

“அம்மா வர்லியா நைனா?” என்றேன். அவர் பையைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினார். தள்ளிய பையைக் குனிந்து மறுபடி நேராக வைத்தார். “அவ ஆடி மாசமே பூட்டா தம்பி. நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்ளோதான். இந்தப் பக்கம் பாத்துச் சொல்ல ஆளு இல்ல. அதான் இதையும் பண்ணிக்கலாம்னு.”

இடது பக்கம்

புரை நன்றாக முற்றியிருந்தது. டாக்டரம்மா நிதானமாகத்தான் செய்தாராம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கட்டிலோரம் நின்றேன். கட்டைப் பிரித்ததும் டாக்டரம்மா காட்டிய விரல்களை ஏழுமலை சரியாகச் சொன்னார். ஜன்னலில் தெரிந்த ராஜகிரி மலைக்கோட்டையின் உச்சி மண்டபத்தைச் சொன்னார். டம்ளரில் அவரே டீ ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஏழுமலை டீயைக் குடிக்காமல், தலையைத் திருப்பி இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத் தெரியுதா நைனா?”

“நல்லாத் தெரியுது தம்பி. இது மங்கலா இருந்த வரைக்கும் அவ பக்கத்துல வர்ற மாதிரியே இருந்துச்சு. இப்பதான் யாருமில்லன்னு தெரியுது.”

இந்த வேலையில் ஒரு வசதி உண்டு, கண்ணிலிருந்து எது வழிந்தாலும் மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம். நான் காலைச் சொட்டு மருந்தைத் திறந்து, “மேல பாருங்க நைனா” என்றேன்.