அறுபத்தொரு பல் சக்கரம்

மில் இரைச்சலில் பக்கத்து ஆள் கூப்பிட்டாலே காதில் விழாது. அதையும் மீறி பளாரென்று அந்த அறை கேட்டது. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். என் கண்ணெதிரேதான் மேஸ்திரி மெஷின் பழுது பார்க்கும் எங்கள் பிட்டரைக் கன்னத்தில் அறைந்தார். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிட்டருக்கு என் வயதுதான். கூமாப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். மெஷினில் முப்பது பல் கொண்ட சின்னச் சக்கரம், அறுபத்தொரு பல் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றவேண்டும். பெரியது தேய்ந்துபோய், ஸ்டோரில் அறுபது பல் சக்கரம்தான் இருந்தது. ஒரு பல் குறைந்தால் ஒன்றும் ஆகாது, மாட்டு என்றார் மேஸ்திரி. பிட்டர் மாட்டவில்லை.

"அறுபத்தொண்ணு எதாலயும் வகுபடாது மேஸ்திரி. சின்னதுல ஒரு பல்லு பிசிறா இருக்கு. அது அறுபத்தொரு பல்லையும் தொட்ட பொறவுதான் மறுபடி பழைய பல்லுக்கு வரும். அறுபதுன்னா முப்பது ரெண்டு தரம் அடங்கிரும். பிசிறு அதே ரெண்டு பல்லத்தான் அடிச்சுக்கிட்டே கெடக்கும்."

அதற்குத்தான் அந்த அறை. பிட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு அறுபதையே மாட்டினார். பிறகு சக்கரத்தைக் கையால் உருட்டி, பிசிறு வந்து முட்டிய இரண்டு பல்லிலும் சிவப்புப் பெயின்டால் பொட்டு வைத்தார். "பாத்துக்கோ, இந்த ரெண்டுல ஒண்ணுதான் போகும்" என்றார் என்னிடம். வேறு யாரும் அருகில் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை சக்கரம் கடகடத்தது. மேஸ்திரி மெஷினை நிறுத்தாமலே மூடியைத் திறந்து குனிந்தார். தெறித்த பல் இடது கண்ணில் ஏறியது. விரலிடுக்கெல்லாம் இரத்தம். ஓடிப்போய் மெஷினை நிறுத்தியதும், வேன் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக் கண்ணில் துணியை அழுத்திப் பிடித்திருந்ததும் பிட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் விடும்போது மேஸ்திரியின் மச்சினன்கள் இருவர் இரும்புக் குழாயோடு கேட்டில் நின்றார்கள். உடைந்த பல்லில் சிவப்புப் பொட்டு இருந்ததும், சக்கரத்தை மாட்டியது பிட்டர் என்பதும் அவர்களுக்கு எட்டியிருந்தது.

"எது ஒடையும்னு உனக்கு முன்னாடியே எப்படிலே தெரியும்? நீதாம்லே அறுத்துவிட்டிருக்க."

"நான் அறுக்கல. கணக்குப் போட்டேன், அம்புட்டுதான்."

முதல் அடி தோளில் விழுந்தது. கீழே விழுந்தவரின் வலது கையை இழுத்துக் கேட்டின் இரும்புச் சட்டத்தில் வைத்து அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்கு முன் அவர் என்னைப் பார்த்தார். பத்தடி தூரத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தேன். பொட்டு வைத்த காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை. பயம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் தேடித் தேடி இத்தனை வருடம் போயிற்று.

சின்னச் சக்கரத்தின் பிசிறைப் பிற்பாடு மானேஜர் பார்த்தார். பழி போனது, கை திரும்பவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடியாமல் பிட்டர் ஊரோடு போய்விட்டார்.

போன மாதம்தான் கூமாப்பட்டிக்குப் போனேன். மடங்கிய விரல்களோடு வாசலுக்கு வந்து, "வா, உக்காரு" என்றார். அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். மில்லில் கூட வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் கேட்டார்:

"இவுகள அடிச்ச அன்னைக்கு நீங்க அங்கன இருந்தீகளாண்ணே?"

பிட்டர் தரையைப் பார்த்தார். என்னைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"இருந்தேம்மா."

 அந்தம்மா நான் இன்னும் தொடாத டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஆறியிருக்கும். சூடு பண்ணிட்டு வருவா" என்றார் பிட்டர்.

வெயில் சாயும்வரை இருந்தோம். அந்தம்மா வரவில்லை.