ஏழாவது பெயர்

காலை பத்தேகாலுக்குப் பெயர்ப்பதிவு தொடங்கியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வீடு ஒதுக்கும் கம்ப்யூட்டர் நிரலை, குன்னூர் அலுவலகத்தில் நான்தான் எழுதியிருந்தேன். நினைவகம் குறைவென்று, ஒரு குடும்பத்துக்கு ஆறு பெயர்களுக்கே இடம் விட்டிருந்தேன். வரிசையில் வந்து நின்ற மாரியாயியின் குடும்ப அட்டையில் ஏழு பெயர்கள். கடைசியாகத் தட்டிய கைக்குழந்தையின் பெயர், இடம் போதாமல் அடுத்திருந்த வீட்டு எண்ணின்மேல் பதிந்து அதை அழித்துவிட்டது. அப்போது எனக்கு அது தெரியவில்லை; திரையில் வீட்டு எண் வரவில்லை என்பதை மட்டுமே பார்த்தேன்.

“ஏழு பேரைப் பாத்து மெஷினே மெரண்டிருச்சுங்க. உங்களுக்கு வீடு இல்லை” என்று சிரித்தேன்.

“கொட்டகை ஒழுகுதுங்க ஐயா. புள்ளைக்குக் காய்ச்சல்.”

“அடுத்த லிஸ்ட்ல பாக்கலாம், போங்க.”

நான்காம் நாள்தான் என் பிழை புலப்பட்டது. ஆளனுப்பும் முன் அவளே வந்து நின்றாள். இன்றும் என் மகள் இருமினால் அவள் குரல்தான் கேட்கிறது.

“சின்னது செத்துப்போச்சுங்க ஐயா. இப்ப ஆறு பேருதான். இனி மெஷின் மெரளாதுங்களே?”